உதடு படாமல்

என் மனைவி எந்தப் பாத்திரத்திலும் வாய் வைத்துக் குடித்ததில்லை. தண்ணீர், மோர், கஞ்சி, கொதிக்கக் கொதிக்கக் காப்பி, எதுவானாலும் அண்ணாந்து ஊற்றிக்கொள்வதுதான். டம்ளருக்கும் அவள் உதட்டுக்கும் நடுவே நான்கு விரற்கடை இருக்கும். முப்பத்தொன்பது வருஷம் அவளோடு வாழ்ந்தேன். அவள் சிந்தி நான் பார்த்தது மொத்தம் ஐந்து தடவை. எண்ணுவது என் உத்தியோகம். வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்து, அதை வைத்து ஒரு தாலுகாவின் விளைச்சலைக் கணக்கிடும் அரசாங்க வேலை. முப்பத்து மூன்று வருஷம் அதைச் செய்தேன். கயிற்றுக்கு வெளியே இருப்பதைப் பார்க்கக்கூடாது என்பது அந்த வேலையின் முதல் விதி.

இதை எழுதக் காரணம், கப்பலில் நான் ஊதிய ஒரு கண்ணாடி உருண்டை. அதற்கு முன் ஒரு சோடாவைப் பற்றியும் மூன்று பந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

தென்னாற்காடு இரண்டாகப் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமான 1993இல் என்னைத் திண்டிவனத்துக்கு மாற்றினார்கள். விழுப்புரத்திலிருந்து காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புவேன். நடுவில் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நான்கு ஸ்டேஷன். தினம் அலைவதைவிட அங்கேயே வீடு பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் அழைத்துப் போனேன். மூன்று வீடு பார்த்தோம். மூன்றும் வேண்டாம் என்றாள். நல்ல வெயில். ஸ்டேஷனுக்கு வெளியே ஒருவர் தள்ளுவண்டியில் கோலி சோடா விற்றுக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு பன்னீர் சோடா கேட்டேன்.

அவர் கட்டைவிரலால் கோலியை உள்ளே தள்ளிக் கொடுத்தார். அவள் வழக்கம்போலச் சீசாவைத் தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்த்தாள். கோலி உருண்டு வந்து கழுத்தை அடைத்துக்கொண்டது. குலுக்கினாள். அடைப்பு விட்டு மொத்தமும் புடவையில் கொட்டியது. ஐந்தில் அதுதான் முதல் தடவை.

சோடாக்காரர் சிரித்துவிட்டார். "வாயி வச்சுக் குடிம்மா. அதுக்குத்தான் சீசாவுக்குக் கழுத்து வச்சிக்கிறான்."

"எத்தினி வாயி பட்ட சீசா இது? எண்ணிச் சொல்லு, அப்பால குடிக்கிறேன்" என்றாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள். "உனக்கு எண்ணத் தெரியலன்னா இவர வச்சிக்க. சர்க்காரே சம்பளம் குடுத்து எண்ண வச்சிக்கினு இருக்குது."

எனக்கும் சிரிப்பு வந்தது. என் சீசாவை அவள் கண்ணெதிரில் வாய் வைத்துக் குடித்து முடித்தேன். மயிலம் போனது, பேரணி போனது. விக்கிரவாண்டியில் வண்டி நின்றபோது ஜன்னலைப் பார்த்தபடியே, "இனிமே என் சொம்பத் தொடாதீங்க" என்றாள்.

அவள் காணைப் பக்கம். பிறந்த வீட்டில் கரும்புக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு ஆள் வேலைக்கு வருவார்கள். தண்ணீருக்கு ஒரே சொம்பு. உதடு படாமல் குடிப்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே கைக்கு வந்துவிட்ட பழக்கம். எனக்கு நாற்பத்தெட்டு வயதில் வந்தது. ஆறு மாதம் சட்டை நனைந்தது. அதன்பிறகு என் கையும் தானாகவே நான்கு விரற்கடைக்கு மேலே நின்றுகொண்டது. வீடும் மாறவில்லை. பத்து வருஷம் பாசஞ்சரிலேயே போய் வந்து ஓய்வு பெற்றேன்.

2013இல் அவளுக்குப் புதுச்சேரியில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு ரத்தக் குழாயில் அடைப்பு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் மூன்று கூண்டு, கூண்டுக்கு ஒரு பந்து. ஓரத்திலிருந்து ஒரு குழாய் வரும், அதன் நுனியில் வெள்ளையாக ஒரு வாய்ப்பகுதி. குழாய் வழியாக மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே ஏற வேண்டும். முதலில் ஒன்று, தேறத் தேற இரண்டு, கடைசியில் மூன்றும். படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், அதற்குத்தான் இது என்றார் டாக்டர். வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. எப்படி இழுப்பது என்று நர்ஸ் ஒரு தரம் காட்டினாள். நான் அப்போது மாத்திரை அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வகை.

வீட்டுக்கு வந்ததும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டேன். தேதி, வேளை, பத்துக் கட்டம், கடைசியில் குறிப்பு. அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். கருவியை எதிரே ஸ்டூல்மேல் வைத்து, குழாயை அவள் கையில் கொடுத்துவிட்டு, பந்துகள் என் கண்மட்டத்துக்கு வரும்படி நான் தரையில் உட்காருவேன். அவள் இழுப்பாள். முதல் பந்து கொஞ்சம் நடுங்கும். சில சமயம் பாதி உயரம் எழும்பி டக்கென்று விழும். நடுங்கியதோடு நின்றால் சுழி என்று எழுதுவேன், பாதி எழும்பினால் அரை என்று எழுதுவேன். இரண்டாவது பந்து ஒரு நாளும் அசையவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஒரே மகள் ஆபரேஷனுக்காக வந்து, நாங்கள் வீட்டுக்கு வந்தபிறகு பத்து நாள் கூட இருந்துவிட்டுப் போனாள். அதுவரை நான் பொறுமையாகத்தான் இருந்தேன். அதன்பிறகு எனக்குத் தாங்கவில்லை. வளவனூரிலிருந்து என் பழைய சக ஊழியர் பார்க்க வந்தார். அவருக்கும் அதே ஆபரேஷன், என்னைவிட இரண்டு வயது பெரியவர். பன்னிரண்டாம் நாளே மூன்று பந்தையும் தூக்கிவிட்டதாகச் சொன்னார். அவர் போன பிறகு அவளிடம் அதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

இருபத்தொன்பதாம் நாள் காலை. பத்துக் கட்டத்தில் எட்டு சுழி, இரண்டு அரை. நோட்டை மூடிவிட்டு, "உனக்குப் பொழைக்கணும்னு நெனப்பே இல்ல. எனக்காகவாவது இழுக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

அவளுக்கு வியர்த்திருந்தது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இழுத்துக்கினுதாங்க இருக்கேன். காத்து வர மாட்டேங்குது."

"எல்லாருக்கும் வருது, உனக்கு மட்டும் வரலியா?"

"நெல்லு எண்ணி முடிச்சு இப்ப என் மூச்ச எண்ண வந்துட்டீங்க. எண்ணுங்க, எண்ணுங்க. இந்தா இழுக்கிறேன்" என்று சிரித்தபடி மறுபடி குழாயைத் தூக்கினாள்.

அந்தச் சிரிப்பு எனக்கு அலட்சியமாகத் தெரிந்தது. அன்று குறிப்புப் பத்தியில் 'முயற்சி இல்லை' என்று எழுதினேன். அந்த வேளையிலிருந்து வேளைதோறும் அதையே எழுதினேன்.

நாற்பத்தோராம் நாள் ராத்திரி காய்ச்சல் வந்தது. சளி, மூச்சுத் திணறல். திரும்பவும் புதுச்சேரி. ஆறாம் நாள் போய்விட்டாள். அவளுக்கு அறுபத்து நான்கு வயது.

எல்லாரும் என்னைத் தேற்றினார்கள். நான் அழவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழுகைக்கு அடியில் அவள்மேல் ஒரு கோபம் இருந்தது. முதல் நாள் ஒரு வேளை, பிறகு நாற்பது நாளும் மூன்று வேளை, ஆக ஆயிரத்து இருநூற்றுப் பத்து முறை இழுக்கச் சொன்னேன். ஒரு முறையாவது மனசு வைத்திருந்தால் ஒரு பந்தாவது முழுசாக ஏறியிருக்கும். என்னோடு இருக்க அவளுக்கு விருப்பம் இல்லாமல் போய்விட்டது என்று நினைத்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம்கூட. ஒன்றரை வருஷம் சாப்பாட்டின்போதும் படுக்கும்போதும் அவளிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஏன் இழுக்கவில்லை?

2015இல் மகள் என்னைச் சிங்கப்பூருக்கு வரவழைத்தாள். அப்பா ஒரேயடியாக வீட்டில் அடைந்து கிடக்கிறார் என்று அவளும் மாப்பிள்ளையும் பேசி, நான்கு நாள் கப்பல் பயணத்துக்குச் சீட்டு எடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. மகளும் நானும் போனோம். பதினான்கு மாடிக் கப்பல். நாங்கள் நடந்த பக்கத்தில் ஒன்பது உயிர்காப்புப் படகு தொங்கியது. படகுக்கு நூற்றைம்பது பேர் என்று எழுதியிருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்தால் இரண்டாயிரத்து எழுநூறு. கப்பலில் மொத்தம் எத்தனை பேர் என்று மகளைக் கேட்டேன். அப்போது கேட்டேன், சாப்பிடும்போது கேட்டேன், மறுநாள் காலையிலும் கேட்டேன்.

"அப்பா, கடல்ல வந்துகூட தல எண்ணணுமா? அம்மா இருந்தா உங்கள அந்தப் படகுல ஒண்ணுல ஏத்தித் தனியா அனுப்பியிருப்பாங்க" என்றாள்.

மூன்றாம் நாள் முற்பகல் மேல்தளத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே கண்ணாடி ஊதும் கூடம் ஒன்று இருந்தது. பயணிகளும் ஊதிப் பார்க்கலாம், ஆளுக்கு ஓர் உருண்டை. எங்கள் இருவர் பெயரையும் முந்தின நாளே கொடுத்திருக்கிறாள். எனக்கு இஷ்டமில்லை. அனல் ஒத்துக்கொள்ளாது, கண்ணில் தெறித்தால் என்ன செய்வது, கப்பல் ஆடினால் சூளை சாயாதா என்று வரிசையாகக் கேட்டேன். அவள் என் தோளைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

சூளையை மின்சாரத்தில் எரித்தார்கள். ஊதக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண், உயரமானவர், இரண்டு முன்கையிலும் பழைய சூட்டுத் தழும்புகள். ஆள் உயரம் இருந்த இரும்புக் குழலைச் சூளைக்குள் விட்டுச் சுழற்றி எடுத்தார். அதன் நுனியில் ஆரஞ்சு நிறத்தில் கண்ணாடி தொங்கியது. காணையில் மாமனார் வீட்டில் வெல்லம் காய்ச்சும்போது, கொப்பரையிலிருந்து துடுப்பில் தூக்கிப் பதம் பார்க்கும் பாகு இப்படித்தான் சொட்டாமல் தொங்கும். அதை இரும்பு மேஜையில் உருட்டினார், வண்ணக் கண்ணாடித் தூளில் புரட்டினார், மறுபடி சுட்டார். குழலின் மறுமுனையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, உட்கார்ந்திருந்த பயணியின் கையில் கொடுத்தார். அவர் குழலைச் சுழற்றிக்கொண்டே இருக்க, பயணி ஊதினார். கண்ணாடி உப்பியது.

எனக்கு முன்னால் ஆறு பேர். ஒருவர் விடாமல் எண்ணினேன். உருண்டை முழு அளவுக்கு வரக் குறைந்தது ஐந்து எண்ணிக்கை, அதிகம் ஒன்பது. ஆறு பேர் ஊதும்போதும் நான் கண்ணாடியைத்தான் பார்த்தேன்.

ஏழாவதாக என்னை உட்கார வைத்தார்கள். நீலத் தூள் போதும் என்று மகள் சொன்னாள். அந்தப் பெண் ஓர் உறையைக் கிழித்து, வெள்ளைப் பிளாஸ்டிக்கில் புதிய வாய்ப்பகுதி ஒன்றை எடுத்து, குழாய் நுனியில் பொருத்தி என்னிடம் கொடுத்தார். கையில் வாங்கியபோது எங்கேயோ பிடித்துப் பழகிய பொருள் போல இருந்தது. ஊதச் சொன்னார். ஊதினேன். கண்ணாடி அப்படியே இருந்தது. இன்னும் பலமாக என்றார். பலமாக ஊதினேன். நெஞ்சு வலித்தது. கண்ணாடி அசையவில்லை. குழாயில் அடைப்பு இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு, குழலைச் சுழற்றியபடியே தன் உதட்டைக் குவித்துக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. மூன்றாவது முறை ஊதினேன். கண்ணாடியின் நிறம் மங்கிக்கொண்டு வந்தது.

போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த மகள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

"அப்பா, இது அம்மா சொம்பு இல்ல. வாயில வச்சு ஊதுங்க."

குனிந்து பார்த்தேன். வெள்ளை நுனி என் உதட்டிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நின்றது. என் கைதான் அதை அங்கே நிறுத்தியிருந்தது. நான் நிறுத்தவில்லை. மூன்று முறையும் நெஞ்சு வலிக்க ஊதியது அத்தனையும் வெளியே போயிருக்கிறது.

அந்தப் பெண் கண்ணாடியை மறுபடி சூளையில் காட்டிக் கொண்டுவந்தார். உதட்டை இறுக்கி வைத்து ஊதினேன். குழாய்க்குள் ஒரு தடை இருந்தது, பிறகு அது இளகியது. குழலின் நுனியில் கண்ணாடி சின்னதாக உப்பியது. எண்ணவில்லை. என் வாழ்க்கையில் எண்ண மறந்த இடங்கள் குறைவு. அப்போது காதில் ஒரு குரல் மட்டும் இருந்தது. காத்து வர மாட்டேங்குது.

இன்னும், இன்னும் என்றார் அந்தப் பெண். இன்னும் ஊதினேன். போதும் என்ற பிறகும் குழாயை விடாமல் வைத்திருந்தேனாம். மகள்தான் வாங்கிக் கொடுத்தாள்.

"கண்ணு எரியுதாப்பா?"

"அனல்" என்றேன்.

அவள் தன் உருண்டையை ஊதி முடிக்கும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உருண்டைகளைச் சூடான பெட்டி ஒன்றில் வைத்தார்கள். மெல்ல ஆற வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும், நாளை தருகிறோம் என்றார்கள். அதன்பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மூலை மேஜையில் உட்கார்ந்தோம். அவள் சாப்பிட ஆரம்பித்த பிறகு கேட்டேன்.

"அம்மா அந்தப் பந்துக் குழாய வாயில வச்சு இழுத்தாளா? நீ பத்து நாள் கூட இருந்தியே, பாத்தியா?"

"இழுத்தாங்களேப்பா. தெனமும்தான்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். கரண்டியைக் கீழே வைத்தாள். அவளும் என்னைப்போல ஏதோ ஒன்றைக் கண்முன்னால் கொண்டுவந்து பார்ப்பது தெரிந்தது. "இல்லப்பா. கொஞ்சம் தள்ளிதான் புடிச்சிருந்தாங்க. நர்சும் அப்படித்தான் காட்டுச்சி. நோயாளி வாயில வைக்கப் போறதுன்னு அது தன் வாயில படாம காத்துல இழுத்துக் காட்டுச்சி. அம்மா அதையேதான் பண்ணாங்க. அதுதான் மொறன்னு நானும் நெனச்சிக்கினேன்."

நர்ஸ் செய்தது சரி. பார்த்ததை அப்படியே செய்தவளும் சரி. தப்பைப் பார்ப்பதற்கென்று எதிரே ஒருவன் உட்கார்ந்திருந்தான், நாற்பத்தொரு நாள். அவன் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மகளிடம் அன்றுதான் சொன்னேன். நோட்டு, குறிப்புப் பத்தி, இருபத்தொன்பதாம் நாள் கேட்ட கேள்வி, ஒன்றரை வருஷமாக இருந்த கோபம் எல்லாவற்றையும்.  கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இத மட்டும் எண்ணாதீங்க" என்றாள்.

மறுநாள் உருண்டையைக் கொடுத்தார்கள். எலுமிச்சையைவிடப் பெரியது, சாத்துக்குடியைவிடச் சின்னது. ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் மெல்லிசு. நடுவில் நிறுத்தி நிறுத்தி ஊதியிருக்கிறேன் போலிருக்கிறது. மகள் அதை என் வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். உடையாமல் விழுப்புரம் வந்து சேர்ந்தது.

வந்த மூன்றாம் நாள் காலை, பீரோவின் மேல் தட்டிலிருந்து அந்தக் கருவியை இறக்கினேன். தூசி துடைத்தேன். ஸ்டூல்மேல் வைத்து, அவள் சாய்ந்திருந்த இடத்தில் நான் சாய்ந்துகொண்டேன். உதட்டை இறுக்கி வைத்து இழுத்தேன். இரண்டு பந்து ஏறியது, மூன்றாவது பாதி. எனக்கு எழுபது வயது. பிறகு வாய்ப்பகுதியை ஒரு நெல் மணி அளவு தள்ளிப் பிடித்து இழுத்தேன். பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். முதல் பந்து நடுங்கியது. அரை எழும்பி டக்கென்று விழுந்தது. பத்து முறை செய்தேன். எட்டு சுழி, இரண்டு அரை. எனக்கு வியர்த்துவிட்டது.

அது அவளுடைய இருபத்தொன்பதாம் நாள் காலை. அப்படியே, ஒன்று கூடாமல் குறையாமல். பத்து முறையில் எனக்கு இப்படி ஆனால், ஆபரேஷன் செய்த நெஞ்சோடு அவள் ஆயிரத்து இருநூற்றுப் பத்து முறை இழுத்திருக்கிறாள். சிரித்துக்கொண்டு இழுத்திருக்கிறாள். சரியாக இழுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்க மறுநாள் புதுச்சேரி பஸ்ஸில் ஏறி, வளவனூரில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன். ஆமாம் என்பார், அல்லது சொல்ல முடியாது என்பார். இரண்டையும் கேட்டுக்கொண்டு என்ன செய்வேன்?

அதற்கடுத்த நாள் காலை நோட்டை எடுத்தேன். இருபத்தொன்பது முதல் நாற்பத்தொன்று வரை பதின்மூன்று நாள், முப்பத்தொன்பது இடத்தில் 'முயற்சி இல்லை' என்று என் கையெழுத்து. எங்கள் ஆபீசில் பதிவேட்டில் தப்பு வந்தால் அழிக்கக்கூடாது, கிழிக்கக்கூடாது. தப்பை ஒற்றைக் கோட்டால் அடித்து, அதற்கு மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். அடித்தது என்ன என்பது பின்னால் வருபவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. முப்பத்தொன்பது இடத்திலும் கோடு போட்டேன். மேலே என்ன எழுதுவது என்று வெகுநேரம் தெரியவில்லை. பிறகு 'இழுத்தாள்' என்று எழுதினேன். ஒவ்வொன்றிலும் தேதியும் கையெழுத்தும் போட்டு முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

திருத்தத்தைத் திருத்தியவனே ஒப்புக்கொண்டால் போதாது. சம்பந்தப்பட்ட இன்னொருவர் பார்த்து, ஏற்றுக்கொண்டேன் என்று கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவளுக்கென்று ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன்.